மதுரையில் பிறந்த டி மார்கன்: டிஸ்கிரீட் மேத்ஸ் பேப்பரில் யூனிட்டுக்கு யூனிட் வரும் இவர் யார்?

கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் படித்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது செமஸ்டரில் வரும் டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ் பேப்பர் பற்றிச் சொல்ல ஒரு கதை கட்டாயம் இருக்கும். சிலருக்கு அது சென்டம் வாங்கிய கதை, பலருக்கு அரியர் வைத்த கதை. அந்தப் பேப்பரில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. டி மார்கன் விதிகளைக் கூறி நிறுவுக. சீனியர்கள் கொடுக்கும் முக்கியக் கேள்விகள் பட்டியலில் இது இல்லாமல் இருக்காது. விதியை மனப்பாடம் செய்து எழுதி பாஸ் ஆனவர்கள் ஏராளம். ஆனால் யார் அந்த டி மார்கன்?

பெயரைப் பார்த்தால் பிரெஞ்சுக்காரர் மாதிரி இருக்கும். வாழ்ந்தது, வேலை பார்த்தது, இறந்தது எல்லாம் இங்கிலாந்தில். பிறந்தது மட்டும் நம்ம மதுரை.

மதுரையில் ஏழே மாதம்

அகஸ்டஸ் டி மார்கன் 1806 ஜூன் 27 அன்று, அப்போதைய சென்னை மாகாணத்தில் இருந்த மதுரையில் பிறந்தார். அப்பா ஜான் டி மார்கன் கிழக்கிந்திய கம்பெனியின் ராணுவ அதிகாரி. அம்மா எலிசபெத்தின் முன்னோர்களில் ஜேம்ஸ் டாட்சன் என்ற கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். 18ஆம் நூற்றாண்டில் மடக்கைக்கு எதிர் அட்டவணை போட்டுக் கொடுத்தவர் அவர். ஆக, கணக்கு அம்மா வழியில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

குழந்தை பிறந்து 13 நாளில், ஜூலை 10 அன்று வேலூர் கோட்டையில் சிப்பாய்களின் புரட்சி வெடித்தது. கம்பெனி ராணுவக் குடும்பங்களுக்கு அது நிம்மதியான காலமில்லை. குழந்தைக்கு இன்னொரு பிரச்சினையும் வந்தது. பிறந்த கொஞ்ச நாளிலேயே வலது கண் பார்வை போய்விட்டது. ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. டி மார்கனுக்கு 10 வயது ஆகும்போது அப்பாவும் இறந்துவிட்டார்.

பள்ளிக்கூடம் அவருக்கு இனிக்கவில்லை. ஒற்றைக் கண் என்பதால் மற்ற பையன்களோடு விளையாட முடியாது. கேலி செய்வார்கள், சீண்டுவார்கள். கணக்கில் இவன் கெட்டிக்காரன் என்று 14 வயது வரை யாரும் கவனிக்கவே இல்லை. ஒருநாள் குடும்ப நண்பர் ஒருவர் பார்க்கும்போது, ஸ்கேலும் காம்பஸும் வைத்துக்கொண்டு யூக்ளிட் புத்தகத்தில் இருந்த படத்தை அச்சு அசலாக வரைந்துகொண்டிருந்தான் பையன். படம் அழகாக வந்தால் போதும் என்று நினைத்திருந்தான். வடிவியல் என்பது படம் வரைவது இல்லை, அந்தப் படத்தில் இருப்பது ஏன் உண்மை என்று நிரூபிப்பது என்பதை அந்த நண்பர்தான் உட்கார வைத்து விளக்கினார்.

இது சின்னச் சம்பவம்தான். ஆனால் இன்றைக்கு பிளஸ் டூ முடித்து டிஸ்கிரீட் மேத்ஸ் வகுப்பில் உட்காரும் மாணவருக்கு நடப்பதும் இதேதான். அதுவரை கணக்கு என்றால் விடை கண்டுபிடிப்பது. இந்தப் பேப்பரில் விடை கேள்வியிலேயே இருக்கும், அது ஏன் சரி என்று காட்ட வேண்டும். அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு கையெழுத்து போட்டிருந்தால்...

16 வயதில், 1823ல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். புல்லாங்குழல் நன்றாக வாசிப்பார். பாடத்திட்டத்தைத் தாண்டி கண்டதையும் படிப்பார். பரீட்சைக்கு என்று தனியாகத் தயாராவது அவருக்குப் பிடிக்காத காரியம். அதனால்தானோ என்னவோ, 1827ல் கணிதத்தில் முதல் இடம் வராமல் நான்காவது இடம் வந்தார். அதுவும் குறைவான இடமில்லை, அங்கேயே ஆசிரியராகத் தொடர்வதற்கு நல்ல வாய்ப்பு இருந்தது.

ஆனால் ஒரு தடை. அதற்கு எம்.ஏ. பட்டம் வேண்டும். எம்.ஏ. வாங்க வேண்டுமென்றால், இங்கிலாந்து திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்து போட வேண்டும். டி மார்கன் அந்தத் திருச்சபைக் குடும்பத்தில் வளர்ந்தவர்தான். போட்டிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஒருவன் என்ன நம்புகிறான் என்று கேட்டுவிட்டுத்தான் பட்டம் தருவோம் என்பது அவருக்கு ஒப்பவில்லை. கையெழுத்து போடவில்லை. கேம்பிரிட்ஜ் கதவு அத்தோடு மூடிக்கொண்டது.

வக்கீல் ஆகிவிடலாம் என்று லண்டனில் லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்தார். அதுவும் மனசுக்கு ஒட்டவில்லை. அந்த நேரத்தில்தான் லண்டனில் மதச் சோதனை எதுவும் இல்லாத ஒரு புதிய பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். இன்றைய யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் அதுதான். யூதர், கத்தோலிக்கர், மத நம்பிக்கை இல்லாதவர் என யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 1828ல் அதன் முதல் கணிதப் பேராசிரியராக டி மார்கன் நியமிக்கப்பட்டார். அப்போது அவர் ஒரு புத்தகம்கூட எழுதியிருக்கவில்லை. வயது 21. இன்றைக்கு இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும் வயது!

மூன்றே வருஷத்தில் ராஜினாமா. உடற்கூறியல் பேராசிரியர் ஒருவரை, காரணம் சரியாகச் சொல்லாமல் நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது. டி மார்கனுக்கும் அந்தப் பாடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் ஒரு ஆசிரியரை இப்படி நடத்தும் இடத்தில் இருக்க மாட்டேன் என்று 1831ல் வெளியேறினார். 1836ல் அவர் இடத்தில் இருந்த பேராசிரியர் எதிர்பாராமல் நீரில் மூழ்கி இறந்துபோக, மாணவர்கள் தவிக்கக் கூடாதே என்று திரும்பி வந்தவர், அடுத்த 30 வருஷம் அங்கேயே பாடம் நடத்தினார்.

அந்த விதி என்னதான் சொல்கிறது?

தேர்வு அறை வாசலில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட்டும் ஐடி கார்டும் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஒரு மாணவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால் அவரிடம் இரண்டுமே இல்லை என்று அர்த்தமா? கிடையாது. ஹால் டிக்கெட் இல்லாமல் இருந்திருக்கலாம், அல்லது ஐடி கார்டு இல்லாமல் இருந்திருக்கலாம். ஏதாவது ஒன்று இல்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும்.

இப்போது இன்னொன்று. பஸ்ஸோ ரயிலோ ஏதாவது ஒன்று கிடைத்தால் ஊருக்குப் போகலாம். ஒருவர் போக முடியவில்லை. இங்கே அர்த்தம் வேறு. பஸ்ஸும் கிடைக்கவில்லை, ரயிலும் கிடைக்கவில்லை.

அவ்வளவுதான் டி மார்கன் விதிகள். மறுக்கும்போது 'உம்' இருந்த இடத்தில் 'ஓ' வரும், 'ஓ' இருந்த இடத்தில் 'உம்' வரும். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு எண்ணும்மையும் ஓகாரமும் புதிதில்லை. ஆனால் பேச்சில் நாமே இதைத் தப்பாகப் பயன்படுத்துவோம். இரண்டும் இருக்கிறது என்பதற்கு எதிர்ப்பதம் கேட்டால், யோசிக்காமல் இரண்டும் இல்லை என்று சொல்லிவிடுவோம். புரோகிராம் எழுதும்போது இந்த ஒரு தப்பு போதும். யூசர் நேமும் பாஸ்வேர்டும் சரியாக இல்லாவிட்டால் உள்ளே விடாதே என்று எழுத நினைத்து, இரண்டுமே தப்பாக இருந்தால் மட்டும் விடாதே என்று எழுதிவிட்டால்? பாஸ்வேர்டு தெரியாதவர்கூட யூசர் நேமை மட்டும் சரியாகப் போட்டு உள்ளே நுழைந்துவிடலாம்.

இந்த உண்மையை முதலில் கண்டுபிடித்தவர் டி மார்கன் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வில்லியம் ஆஃப் ஓக்கம் உள்ளிட்ட தர்க்க அறிஞர்களுக்கே இது தெரியும். டி மார்கனும் இதை வார்த்தைகளில்தான் எழுதினார். இன்று புத்தகத்தில் பார்க்கும் குறியீடுகள் அவருக்குப் பிறகு வந்தவை. அவர் செய்தது வேறு. தத்துவ வகுப்புக்குள் இருந்த தர்க்கத்தை, கணிதம் மாதிரி விதிகள் போட்டுச் செய்யலாம் என்று காட்டிய முதல் சிலரில் அவர் ஒருவர்.

இன்னொருவர் ஜார்ஜ் பூல். காலேஜ் பக்கமே போகாத பள்ளி ஆசிரியர். இருவருக்கும் 1842 முதல் கடிதப் போக்குவரத்து. 1847ல் டி மார்கனின் ஃபார்மல் லாஜிக் புத்தகமும் பூலின் முதல் தர்க்க நூலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வெளிவந்தன. ஒரே வேலையில் இறங்கிய இருவருக்குள் யார் முதல் என்ற சண்டை வருவது அறிவியல் உலகில் சகஜம். இங்கே வரவில்லை. பட்டம் இல்லாத பூலுக்கு அயர்லாந்தில் பேராசிரியர் வேலை கிடைப்பதற்காகப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தவர்களில் டி மார்கனும் ஒருவர். பூல் 1849ல் கார்க் நகரக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஆனார். கடைசி யூனிட்டில் வரும் பூலியன் அல்ஜீப்ரா அவருடையதுதான். 1937ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கிளாட் ஷானன் என்ற மாணவர், மின் சுற்றுகளை இந்தக் கணிதத்தால் வடிவமைக்கலாம் என்று காட்டிய பிறகுதான் இதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தது.

இண்டக்‌ஷன் என்று பெயர் வைத்தவர்

இரண்டாவது யூனிட்டிலும் டி மார்கன் இருக்கிறார். யாரும் கவனிப்பதில்லை.

லண்டனில் அப்போது சாதாரண மக்களுக்கு என்று மலிவு விலையில் பென்னி சைக்ளோபீடியா என்ற கலைக்களஞ்சியம் வெளிவந்தது. டி மார்கன் அதற்கு 700க்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். அதில் ஒன்று 1838ல் எழுதியது. மேத்தமேடிக்கல் இண்டக்‌ஷன் என்ற பெயர் நிலைத்ததற்கு அந்தக் கட்டுரைதான் காரணம். முறை பழையது, பெயர்தான் புதிது.

பெயர் ஏன் தேவைப்பட்டது? நூறு காக்கை பார்த்தோம், நூறும் கறுப்பு, அதனால் எல்லாக் காக்கையும் கறுப்பு என்பது உலக வழக்கில் இண்டக்‌ஷன். கணிதத்தில் இது செல்லாது. நூறு எண்களுக்குச் சரியாக வந்தது நூற்றி ஒன்றாவது எண்ணில் கவிழ்ந்துவிடலாம். கணித முறை வேறு. செங்கற்களை வரிசையாக நிறுத்தி வைத்து விளையாடியிருப்போமே, அது மாதிரி. முதல் செங்கல் விழும் என்று காட்டு. ஏதாவது ஒரு செங்கல் விழுந்தால் அதற்கு அடுத்ததும் விழும் என்று காட்டு. முடிந்தது. வரிசை எவ்வளவு நீளம் போனாலும் கவலையில்லை. பரீட்சையில் பலர் முதல் செங்கல்லைத் தள்ளிக் காட்ட மறந்துவிட்டு இரண்டாவது படியை மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். மார்க் போவது அங்கேதான்.

உறவுகள் என்று ஒரு பகுதி வருமே, அதிலும் அவர் பங்கு உண்டு. மனிதன் ஒரு விலங்கு என்றால், மனிதனின் தலை ஒரு விலங்கின் தலை. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். ஆனால் 2,000 வருஷமாகப் படித்துவந்த அரிஸ்டாட்டில் தர்க்கத்தை வைத்து இதை நிரூபிக்க முடியாது என்று சுட்டிக்காட்டினார். இதற்கு உறவுகளைப் பற்றிய தர்க்கம் தனியாக வேண்டும் என்று 1860ல் ஒரு கட்டுரை எழுதினார்.

மாணவர் கேட்ட கேள்வி, விடை கிடைக்க 124 வருஷம்

1852 அக்டோபர் 23. பிரெடரிக் கத்ரி என்ற மாணவர் வகுப்பில் டி மார்கனிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அது அவருடைய அண்ணன் பிரான்சிஸின் சந்தேகம். அவரும் டி மார்கனிடம் படித்தவர்தான். இங்கிலாந்தின் மாவட்ட வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும்போது, பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களுக்கு ஒரே வண்ணம் வராமல் இருக்க நான்கு வண்ணம் போதும் போலிருக்கிறது, எல்லா வரைபடத்துக்கும் இது பொருந்துமா?

டி மார்கனுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்பதை மறைக்கவும் இல்லை. அன்றைக்கே டப்ளினில் இருந்த புகழ்பெற்ற கணித மேதை ஹாமில்டனுக்குக் கடிதம் எழுதினார். எனக்கு இப்போது நேரமில்லை என்கிற தொனியில் ஹாமில்டனிடமிருந்து பதில் வந்தது. டி மார்கன் விடவில்லை. பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேட்டார், கடிதங்களில் எழுதினார், 1860ல் பத்திரிகையிலும் எழுதினார். 1879ல் ஒருவர் நிரூபித்துவிட்டதாக அறிவித்தார். 11 வருஷம் கழித்து அதில் ஓட்டை இருப்பது தெரிந்தது. கடைசியில் 1976ல்தான், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஏப்பலும் வொல்ஃப்காங் ஹேக்கனும் கம்ப்யூட்டரை 1,000 மணி நேரத்துக்கும் மேல் ஓட்டி, நான்கு வண்ணம் போதும் என்று நிரூபித்தார்கள். கிராஃப் தியரி என்ற பாடம் வளர்ந்ததில் இந்த ஒற்றைக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு. பேப்பரில் மூன்றாவது யூனிட்! கிராஃப் என்ற சொல்லை 1878ல் இந்தப் பொருளில் முதலில் பயன்படுத்திய சில்வெஸ்டரும், 14 வயதில் டி மார்கனின் வகுப்பில் உட்கார்ந்தவர்தான்.

மாணவர் கேட்ட கேள்வியைத் தட்டிக்கழிக்காத ஆசிரியர் என்பதுதான் டி மார்கனின் பெரிய பலம். வகுப்பு முடிந்ததும் கணக்குகள் கொடுப்பார். மாணவர்கள் எழுதித் தந்ததை ஒவ்வொன்றாகத் திருத்தித் திருப்பிக் கொடுப்பார். பரீட்சைக்காக மூளையில் திணிக்கும் படிப்பு அவருக்கு ஆகவே ஆகாது. கணிதம் படிப்பதில் வரும் சிரமங்களைப் பற்றியே 1831ல் ஒரு புத்தகம் போட்டார்.

தபால் வழியில் படித்த மாணவியும் ஒருவர் உண்டு. முதல் புரோகிராமர் என்று இன்று கொண்டாடப்படும் அடா லவ்லேஸ். 1840 முதல் அவருக்குக் கடிதம் வழியாக உயர் கணிதம் சொல்லிக் கொடுத்தார் டி மார்கன். அடாவின் திறமையை உயர்வாக மதிப்பிட்டார். அதே டி மார்கன், இவ்வளவு கடினமான கணிதத்தைப் பெண்ணின் உடல் தாங்காது என்று அடாவின் அம்மாவுக்கு 1844ல் கடிதம் எழுதினார் என்பதும் உண்மை. மதத்தின் பெயரால் கதவை மூடுவதை எதிர்த்தவருக்கு, இந்த இடத்தில் தன் காலத்தைத் தாண்ட முடியவில்லை.

டெல்லியிலிருந்து வந்த புத்தகம்

டி மார்கன் தன்னை இங்கிலீஷ்காரர், ஸ்காட்லாந்துக்காரர், ஐரிஷ்காரர் என்று எதிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார். எந்த ஊரோடும் ஒட்டாத பிரிட்டன்காரர் என்பார். மதுரைக்கு அவர் திரும்பி வரவே இல்லை. ஆனால் பிறந்த நாட்டோடு ஒரு தொடர்பு கடிதம் வழியாக வந்தது.

டெல்லி கல்லூரியில் ஆசிரியராக இருந்த ராமச்சந்திரா, ஒரு அளவின் பெருமத்தையும் சிறுமத்தையும் கால்குலஸ் இல்லாமல், இயற்கணிதத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை பற்றி ஒரு புத்தகம் எழுதி 1850ல் கல்கத்தாவில் சொந்தமாக வெளியிட்டார். அந்தப் பிரதி லண்டனில் டி மார்கன் கைக்குப் போனது. படித்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. கிழக்கிந்திய கம்பெனி இயக்குநர்களிடம் எடுத்துச் சொல்லி, அந்தப் புத்தகத்தை 1859ல் லண்டனில் மறுபதிப்பாகக் கொண்டுவர வைத்தார். தானே நீண்ட முன்னுரை எழுதி, இந்தியர்களின் இயற்கணித மரபை ஐரோப்பியர்களுக்கு எடுத்துச் சொன்னார். 1857 கிளர்ச்சி வெடித்து இரண்டே வருஷம் ஆன நேரம் அது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும்.

மறுபடியும் ராஜினாமா

லண்டனில் இத்தனை வருஷம் இருந்தும் பாராளுமன்றத்தையோ வெஸ்ட்மின்ஸ்டர் அபேயையோ ஒருமுறைகூடப் போய்ப் பார்க்காத மனிதர். ராயல் சொசைட்டியில் உறுப்பினராகச் சேரவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகம் கொடுக்க முன்வந்த கௌரவ டாக்டர் பட்டத்தையும் வேண்டாம் என்றுவிட்டார். பவுண்டு, ஷில்லிங், பென்னி என்று 20ஆலும் 12ஆலும் பெருக்கிக்கொண்டிருந்த நாணய முறையைப் பத்தின் மடங்குக்கு மாற்றச் சொல்லிப் பல வருஷம் எழுதினார். பிரிட்டன் அதைக் கேட்டது 1971ல், அவர் இறந்து 100 வருஷம் கழித்து. இந்தியா அணாவை விட்டு நயா பைசாவுக்கு 1957லேயே மாறிவிட்டது!

புதிர் என்றால் அவருக்கு உயிர். வயதைக் கேட்டால், ஒரு வருஷத்தில் தன் வயதின் வர்க்கமே அந்த வருஷமாக இருந்தது என்பார். 43ஐ 43ஆல் பெருக்கிப் பாருங்கள், 1849 வரும்.

1865ல் அவருடைய மகன் ஜார்ஜும், மகனின் நண்பர் ஆர்தர் ரான்யார்டும் முன்னெடுத்துத் தொடங்கிய லண்டன் கணிதக் கழகத்துக்கு டி மார்கன் முதல் தலைவர் ஆனார். அடுத்த வருஷமே அடி விழுந்தது. அவரது கல்லூரியில் தத்துவம், தர்க்கம் பாடத்துக்குப் பேராசிரியர் பதவி காலியானது. தகுதியான ஆள் ஜேம்ஸ் மார்ட்டினோ. ஆனால் அவர் யூனிடேரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர் என்பதைக் காரணம் காட்டி நிர்வாகம் மறுத்துவிட்டது. மதம் பார்க்காத இடம் என்று நம்பித்தான் 21 வயதில் டி மார்கன் இங்கே வந்தார். அந்த வாக்கைக் கல்லூரியே மீறியபோது அவருக்கு வயது 60. வேறு வேலை தேடுகிற வயதில்லை. இருந்தும் 1866ல் ராஜினாமா கடிதம் கொடுத்தார். இந்த முறை திரும்பி வரவில்லை.

அதன் பிறகு அவர் தேறவில்லை. 1867ல் மகன் ஜார்ஜ் இறந்தார். 1870ல் ஒரு மகள். 1871 மார்ச் 18 அன்று டி மார்கனும் காலமானார். வாழ்நாள் முழுவதும் சேர்த்த பழைய கணிதப் புத்தகங்களை ஓவர்ஸ்டோன் பிரபு விலைக்கு வாங்கி லண்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அந்த நூலகத்தின் தொடக்கத் தொகுப்புகளில் ஒன்றாக இன்றும் அவை இருக்கின்றன.

அவர் இறந்து மூன்று மாதத்தில், 1871 ஜூனில், பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டர்ஹாம் பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்கவோ ஆசிரியராகச் சேரவோ இனி மதக் கொள்கைக்குக் கையெழுத்து போட வேண்டியதில்லை. இறையியல் பாடம் மட்டும் விதிவிலக்கு.